போன மாதத் தண்ணீர்

மாரிகுப்பத்தில் காலை ரயில் கிளம்பும்போது பெண்கள் பெட்டியில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்துவிடும். ரயில் பாதை அங்கேதான் முடிகிறது என்பதால் ரயில் காலியாக நிற்கும். அடுத்த ஸ்டேஷன் சாம்பியன். அங்கே ஏறுகிற ஒருத்தி பல வருஷங்களாக என் எதிரில் உட்கார்ந்து வந்தாள். பெங்களூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. நான் பங்காருப்பேட்டையில் இறங்கிக் கோலாருக்கு பஸ் பிடிப்பேன். அவள் பெங்களூர் வரை போவாள். எங்கள் சிநேகம் முழுவதும் அந்தச் சின்னத் தூரத்துக்குள்ளேயே வளர்ந்தது.

என் வேலை, மாவட்டத்தில் எங்கே என்ன நோய் தலைகாட்டுகிறது என்று கண்காணிக்கிற அரசு அலுவலகத்தில். வாரா வாரம் எல்லா சுகாதார நிலையங்களிலிருந்தும் கணக்கு வரும். காய்ச்சல், பேதி, காமாலை, நாய்க்கடி, பாம்புக்கடி. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முந்தைய வாரங்களோடு ஒப்பிட்டு, எங்காவது திடுமென்று ஏறியிருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எங்கள் டாக்டர் வடகர்நாடகத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். தமிழ் கேட்டால் பாதி புரியும், பேச வராது. நாங்கள் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வோம். அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்திருந்த சமயம். துணிக்கடைக்காரி சில நாட்களாக ரயிலில் இல்லை. கடையில் தள்ளுபடி சீசன், அங்கேயே யார் வீட்டிலாவது தங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் சாம்பியனில் ஏறினாள். ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று இருந்தது. எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னாம்மா, இப்பிடி எளச்சிட்டே?" என்றேன்.

"காமாலக்கா. கண்ணப் பாருங்க, இப்பதான் கொறஞ்சிருக்குது."

அவள் கீழிமையை இழுத்துக் காட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் இன்னும் மஞ்சள் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"இதுக்கு யாருக்கா ஆஸ்பத்திரிக்குப் போறது? ஆந்திரா பக்கம் ஒருத்தர் பச்சிலை அரைச்சுக் குடுக்கிறாரு. எங்க லைன்ல எல்லாரும் அவராண்டதான் போய் வந்தாங்க."

"எல்லாருமா?"

"ஆமாக்கா. எதுத்த வூட்டு அண்ணன், கொழாயாண்ட கீற டீச்சரு, அவங்க வூட்டுக்காரரு, இன்னும் கீறாங்க. ஒருத்தர்கிட்ட கேட்டா வழி சொல்வாங்க. ஆட்டோவே பேசி வெச்சிருக்குது."

"சின்னப் பசங்களுக்கு?"

அவள் யோசித்தாள். "பசங்களுக்கு வரலக்கா. பெரியவங்களுக்குத்தான்."

பிறகு வழக்கம்போல மேனேஜரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் மனசு அதில் இல்லை. பங்காருப்பேட்டையில் இறங்கும்போது அவளுடைய லைன் எது என்று இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த லைன்தான், சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய வரிசை வீடுகள். கொஞ்ச நாள் முன்புதான் அவள் வீட்டுக்குப் போய் வந்திருந்தேன்.

அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் பகுதியின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். காமாலை என்ற இடத்தில் பல வாரங்களாகப் பூஜ்யம். யாரும் பொய் எழுதவில்லை. சுகாதார நிலையத்துக்குக் காமாலை என்று ஒருத்தரும் வரவில்லை, அதனால் பூஜ்யம். ஒரு லைன் முழுக்க மஞ்சள் கண்ணோடு நடமாடிக்கொண்டிருக்க, எங்கள் திரையில் அந்த இடம் மாவட்டத்திலேயே ஆரோக்கியமான இடம் மாதிரி தெரிந்தது.

டாக்டரிடம் போய் ரயிலில் கேட்டதைச் சொன்னேன். ரயில் பேச்சு என்று தள்ளிவிடுவாரோ என்ற தயக்கம் இருந்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"குழந்தைகளுக்கா, பெரியவர்களுக்கா?"

"பெரியவங்களுக்கு மட்டும்தானாம் மேடம்."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "ஜீப் இருக்கிறதா பாருங்கள்" என்றார். "நீங்களும் வாருங்கள். அந்த லைனில் என் கன்னடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?"

போகும் வழியில் மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்தைக் கடந்தோம். ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் தெரிந்தபோதும், தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டின் சாம்பல் நிறம் வந்தபோதும், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விகளை டாக்டர் கேட்கவில்லை. மடியில் ரத்தம் எடுக்கிற பெட்டியை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

லைனில் அந்தப் பகுதி ஆஷா, வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளர், எங்களுக்காகக் காத்திருந்தாள். நாங்கள் வருகிறோம் என்று போன் செய்தபிறகு அவளே நாலைந்து வீட்டுக்குப் போய் விசாரித்திருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. "எங்கிட்ட யாருமே சொல்லல மேடம்" என்றாள் எடுத்த எடுப்பில். டாக்டர் அவள் தோளில் கைவைத்தார், அவ்வளவுதான்.

வீடு வீடாகப் போனோம். தகரக் கூரை, ஒட்டி ஒட்டி நிற்கிற சுவர்கள், ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் பிடித்து வைத்த நீல டிரம். என்னைத் தெரிந்தவர்கள் பலர், வாங்க வாங்க என்றார்கள். கண்ணைக் காட்டச் சொன்னால் சிரித்துக்கொண்டே காட்டினார்கள். சில பேருக்கு வெளிறிய மஞ்சள், சில பேருக்கு முற்றின மஞ்சள். "சரியாப் பூடும், பத்தியம் இருக்கிறோம்" என்றார்கள். பயந்தவர் ஒருவர்கூட இல்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

லைனின் கோடியில் பொதுக்குழாய். அதற்கு வருகிற பைப் ஒரு இடத்தில் சாக்கடைக்குள் இறங்கி மறுபக்கம் ஏறியது. தண்ணீர் விடுகிற ஆள் கம்பியால் சேற்றை ஒதுக்கினார். பைப் இணைப்பில் யாரோ எப்போதோ சுற்றிக் கட்டியிருந்த துணி கறுத்து நாராகத் தொங்கியது. சாக்கடைத் தண்ணீர் அதன் மேல் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"மழ பேஞ்சப்போ தண்ணி நாறுச்சு" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவருக்கும் காமாலை வந்து போயிருந்தது. "கொஞ்ச நாளு அப்படியே வந்துச்சு. வேற எங்க போறது? வடிகட்டிக் குடிச்சோம். இப்ப நல்லாத்தான் வருது, பாருங்க." ஒரு சொம்பில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது.

டாக்டர் அந்தச் சொம்பைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்றைக்கு மஞ்சளாக இருக்கிறவர்கள் போன மாதத் தண்ணீரைக் குடித்தவர்கள். இந்தக் கிருமி வாரக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டுத்தான் வெளியே தெரியும். குழாயை இன்றைக்கே அடைத்துவிடலாம். ஏற்கெனவே உள்ளே போனதை என்ன செய்வது?" வாசல்களில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை அவர் ஒரு தடவை பார்த்தார். "இவர்களில் இன்னும் யாருக்கு வரப்போகிறது என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது."

பிறகு ஆஷாவைப் பார்த்து, "கர்ப்பிணி யாரூ இல்வா?" என்று கன்னடத்திலேயே கேட்டார்.

"இந்த லைன்ல இப்ப யாரும் இல்ல மேடம்" என்றாள் ஆஷா. அவள் விரல்நுனியில் இருக்கிற விஷயம் அது. துணிக்கடைக்காரியின் அம்மாவும் பக்கத்தில்தான் நின்றாள். "யாரும் இல்லீங்க" என்று அவளும் சொன்னாள்.

டாக்டர் பெரிதாக மூச்சு விட்டார். பெரியவர்களைத் தேடித் தாக்குகிற இந்தக் காமாலை மற்றவர்களைப் படுத்திவிட்டுப் போய்விடும், கர்ப்பிணியைத்தான், அதுவும் மாதம் ஏறியவளைத்தான் விடாது என்று ஜீப்பில் ஏறிய பிறகு எனக்கு விளக்கினார். ஈரல் கெட்டு மூளைக்கு ஏறும். தாயும் பிழைக்கமாட்டாள், பிள்ளையும் பிழைக்காது என்று ஆகிவிடலாம். "நல்லவேளை" என்றார்.

ஜீப் ஊரிகம் தாண்டியிருக்கும். என் கையிலிருந்த கண்ணாடி வளையல் ஜன்னல் கம்பியில் பட்டுச் சத்தமிட்டது.

அந்த வளையல் அந்த வீட்டில் போட்டது. துணிக்கடைக்காரியின் அண்ணி, அதாவது அவள் அண்ணன் பெண்டாட்டி, ஏழாம் மாதம். அவளுக்கு சீமந்தம் செய்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தாள், போயிருந்தேன். மழை பெய்து சாமியானாவில் தேங்கி ஒழுகிய நாள். வந்தவர்களுக்கெல்லாம் குழாய்த் தண்ணீரில் கரைத்த எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். அந்தப் பெண் நடுவில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து, புழுக்கம் தாங்காமல் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள். மறுநாளே அவளுடைய அம்மா அப்பா வந்து பிரசவத்துக்காகக் குடியாத்தம் பக்கம் தங்கள் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆஷா சொன்னது பொய்யில்லை, அவள் மாமியார் சொன்னதும் பொய்யில்லை. இப்போது இந்த லைனில் கர்ப்பிணி யாரும் இல்லை.

"மேடம்" என்றேன். "ஒருத்தி இருந்தா."

டிரைவர் ஜீப்பைத் திருப்பினார்.

மாமியாருக்கு நாங்கள் திரும்பி வந்தது பிடிக்கவில்லை. விஷயத்தை எப்படிச் சொன்னாலும் அது அபசகுனமாகத்தான் இருந்தது. நான் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன்.

"இன்னாம்மா பேசறீங்க? நல்ல காரியம் நடந்த வூட்ல வந்து நின்னுக்கினு?" என்றாள். "அவ நல்லா கீறா. நேத்து ராத்திரிகூட போன்ல பேசினா. மீன் கொழம்பு சாப்ட்டேன்னு சொன்னா."

"நல்லா இருக்கட்டும்மா. ரத்தம் மட்டும் ஒரு தடவ பாத்துட்டா..."

"எல்லாரும் குடிச்சோம். நானும் குடிச்சேன், நீங்களும்தான் குடிச்சீங்க. உங்களுக்கு இன்னா ஆச்சு?"

ஆமாம், நானும்தான் குடித்திருந்தேன்.

டாக்டர் தமிழ்நாட்டுப் பக்கத்து அதிகாரிகளுக்குத் தகவல் அனுப்பினார். நம் மாவட்டம் இல்லை, நம் மாநிலமும் இல்லை. தகவல் பெங்களூர் போய், அங்கிருந்து சென்னை போய், அங்கிருந்து கீழே இறங்க வேண்டும். அதுவரை சும்மா இருக்க முடியாது என்று அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கி நானே கூப்பிட்டேன்.

"சொல்லுங்கக்கா" என்றாள். பின்னால் யாரோ துணி துவைக்கிற சத்தம். பயமுறுத்தாமல் சொல்லப் பார்த்தேன். சாப்பாடு பிடிக்காமல் போனால், வாந்தி வந்தால், ஒன்றுக்குப் போவது மஞ்சளாகப் போனால், ஒரு வேளைகூடத் தள்ளாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பச்சிலை, நாட்டு மருந்து எதுவும் கூடாது.

அவள் சிரித்தாள். "எனக்குப் பசி தாங்கலக்கா. எங்கம்மா சமைச்சு முடியல."

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. தினமும் ரயிலில் துணிக்கடைக்காரி அண்ணிக்கு போன் போடுவாள், நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நல்லா கீறாங்க என்று தலையாட்டினால்தான் எனக்கு மூச்சு வரும். சிக்னல் போய் பேச்சு பாதியில் அறுந்தால் அடுத்த ஸ்டேஷன் வரை அவள் மறுபடி மறுபடி நம்பரைப் போட்டுக்கொண்டிருப்பாள். வீட்டில் நான் முகம் கழுவப் போனால் கண்ணாடிக்கு அருகில் போய் என் கண்ணைப் பார்த்துக்கொள்வேன். குழம்பு வாசனை என்றைக்காவது குமட்டினால், இது அதுவா என்று தோன்றும். கணவரிடம் சொல்லவில்லை.

லைனில் குழாயை அடைத்து லாரியில் தண்ணீர் விட்டோம். டிரம்மில் போட குளோரின் மாத்திரை கொடுத்தோம். பெங்களூரிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது, டாக்டர் பயந்த அதே கிருமி. ஆனால் காமாலை நிற்கவில்லை. நாங்கள் போகப் போகப் புதிது புதிதாக வந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கண்ணைக் காட்டச் சொன்னபோது சிரித்தவர்கள், ஒவ்வொருவராக விழுந்தார்கள். எங்கள் திரையில் பூஜ்யமாக இருந்த இடம் வாரா வாரம் ஏறியது.

"நீங்க வந்தப்புறந்தான் அதிகமாச்சு" என்றார் ஒருவர் என் முகத்துக்கு நேராக. "மாத்திர நாத்தம் குடிக்க முடியல. அதான் வாந்தி எடுக்கிறாங்க."

கிருமி உள்ளே போய் வாரக்கணக்கில் கழித்துத்தான் நோய் தெரியும் என்று விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு சில வீடுகளில் ஆஷா தட்டினால் திறக்கவில்லை.

ஒருநாள் காலை சாம்பியனில் துணிக்கடைக்காரி ஏறும்போதே போனைக் காதில் வைத்திருந்தாள். உட்காரவில்லை.

"எப்பத்திலேந்து அண்ணிக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "முந்தாநேத்தா? ஏன் சொல்லல?"

நான் எழுந்துவிட்டேன். அவள் போனை என் பக்கமாகச் சாய்த்தாள். அந்தப் பெண்ணின் குரல் இல்லை, அவளுடைய அம்மாவின் குரல். வாந்தி, சோறு இறங்கவில்லை, கண் மஞ்சள். ஒன்றும் பயமில்லை, உங்கள் பக்கத்துப் பச்சிலைக்காரரைப் பற்றி மாப்பிள்ளை சொன்னார், கார் சொல்லியிருக்கிறோம், அழைத்துக்கொண்டு வருகிறோம் என்றாள்.

"வேணாம்" என்றாள் துணிக்கடைக்காரி. "அங்க போவாதீங்க. வேலூருக்குப் போங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு."

"உனக்கே அவராண்டதானே சொஸ்தமாச்சு? நீதானே எல்லார்கிட்டயும் சொன்னே?"

பெட்டியில் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரயில் கோரமண்டலில் நின்று கிளம்பியது.

"அதுல ஆவலம்மா" என்றாள் கடைசியில். "எனக்கு எப்படியும் சரியாப் போயிருக்கும். தண்ணி குடிச்சுப் படுத்திருந்தாலே சரியாப் போயிருக்கும். அண்ணிக்கு அப்படி ஆவாது. உங்க கால்ல வுழறேன், வேலூருக்குப் போங்க."

நான் போனை வாங்கி, யார் பேசுகிறேன் என்று சொல்லி, டாக்டர் என்னிடம் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்தத் தடவை எதையும் மென்மையாக்கவில்லை. அந்த அம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு, கார் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள். கார் எந்தப் பக்கம் போகும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. துணிக்கடைக்காரி பெங்களூர் போகாமல் என்னோடு பங்காருப்பேட்டையில் இறங்கினாள். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியபிறகு அவள் அண்ணன் கூப்பிட்டான். வேலூரில் சேர்த்தாகிவிட்டது.

போய்ச் சேர்ந்த அன்று மாலையே அந்தப் பெண்ணுக்கு ஆளைத் தெரியாமல் போனது. புருஷனைப் பார்த்து, யார் நீங்க, கதவத் தெறங்க, ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவள் ஒருநாளும் ஷிஃப்ட் வேலைக்குப் போனவள் இல்லை. மறுநாள் வலி வந்து குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. தாயும் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். லைனில் மாமியார் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தேற்ற வந்தவர்கள் தூரத்திலேயே நின்றார்கள். அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

அந்தப் பெண் பிழைத்தாள். ஒரு வாரத்துக்கும் மேல் நினைவில்லாமல் கிடந்து, பிறகு ஒரு நாள் கண்ணைத் திறந்து அம்மாவை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் முடிந்திருக்கும் என்று வேலூர் டாக்டர்கள் சொன்னதாகத் துணிக்கடைக்காரி ரயிலில் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பங்காருப்பேட்டை வரை அழுதாள். அவளுடைய தைரியத்தை நான் பாராட்டி ஏதோ சொன்னேன். அவள் காதில் அது விழுந்ததா தெரியவில்லை.

அந்தக் குழந்தையின் சாவை எந்த மாவட்டக் கணக்கில் சேர்ப்பது என்று இரண்டு பக்கத்து அலுவலகங்களுக்கும் நடுவே கொஞ்ச நாள் கடிதங்கள் போயின. பிறந்தது அங்கே, நோய் இங்கே. எங்கள் டாக்டர், "எங்கள் தண்ணீர், எங்கள் கணக்கில் போடுங்கள்" என்று எழுதினார். போட்டார்களா என்று பார்ப்பதற்குள் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. லைனில் காமாலை மெல்ல மெல்ல ஓய்ந்தது. சாக்கடைக்குள் இருந்த பைப்பை எடுத்துவிட்டு மேலே புது பைப் போட்டார்கள். பக்கத்து லைன்களில் பைப் எப்படிப் போகிறது என்று நான் நடந்துபோய்ப் பார்த்தேன். பல இடங்களில் அது சாக்கடைக்குள் இறங்குகிற இடம் தெரிகிறது, ஏறுகிற இடம் தெரியவில்லை. எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. பலருக்கு உள்ளே வந்துபோவது வெளியே தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்து போயிற்றா, வரவேயில்லையா என்று நான் சோதித்துப் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெண் இப்போது லைனுக்குத் திரும்பிவிட்டாள். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரோடு என் வீட்டுக்கு வந்தாள். முடி கொட்டிப் போயிருந்தது. காபி கலக்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, மறுபடியும் உண்டானா, அந்தக் காமாலை திரும்ப வருமா?"

"ஒரு தடவ வந்தவங்களுக்குப் பெரும்பாலும் திரும்ப வராதுன்னுதான் டாக்டர் சொன்னாங்க."

அவள் தலையாட்டினாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இல்லாம வேற இன்னாவது கீதாக்கா, எங்க தண்ணில?"

புது பைப்பிலிருந்து தண்ணீர் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று சொன்னேன். முடிவு இன்னும் வரவில்லை.